காதுச்சாமி

லாரியிலிருந்து இறங்கிய ஃபாதர் தனிஸ்லாஸ், தன் கூடாரத்தின் முன்னால் ஒரு வரிசை நிற்பதைப் பார்த்தார். ரம் வந்திருக்கும், இல்லாவிட்டால் ஊரிலிருந்து பொட்டலங்கள் வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் நின்றவர்கள் யார் கையிலும் குவளை இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றுபோயிற்று.

நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் அவரைப் பள்ளத்தாக்கு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஓடைக்கரைச் சண்டை நடந்தபோது அவர் அங்கே மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இந்த உயரத்தில் மறுபடி வேலை பார்க்கலாம் என்று மருத்துவர் அரைமனதோடு எழுதிக் கொடுத்து, இன்றைக்குத்தான் மேலே வருகிறார். சண்டைக்குப் பிறகு ராணுவப் பாளையத்தில் யாரும் இல்லாத வெறுமையை எதிர்பார்த்து வந்தவருக்கு இந்த வரிசை புரியவில்லை.

வரிசையின் முதலில் ஹவில்தார் தணிகைவேல் நின்றிருந்தார். பெரிய மீசையும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர்.

"இன்னா ஃபாதர், ஒடம்பு தேவலையா?"

"இருக்கேன் தணிகை. எதுக்கு இத்தனை பேர்?"

"நீங்கதானே வரச் சொன்னீங்கோ."

"நானா?"

"உசுரோட திரும்பினவன் ஒவ்வொருத்தனும் தனித்தனியா வந்து சொல்லணும்னு. ஆஸ்பத்திரில இருந்துக்கினே காதுல சொன்னீங்களே." தணிகைவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பசங்க உங்களுக்கு இப்ப இன்னா பேர் வச்சிருக்கானுங்க தெரியுமா? காதுச்சாமி."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு வாஞ்சை இருந்தது.

"நீ எதுக்குப்பா நிக்கிற? நீ திருத்தணிக்காரனாச்சே."

"எனக்குந்தானே சொன்னீங்கோ. முருகரு மலைச்சாமிதான், ஒத்துக்கிறேன். ஆனா இம்மாம் ஒசரத்துக்கு அவரு வரல. நீங்க வந்தீங்கோ."

ஃபாதர் எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவர் அல்லர். கடற்கரை ஊரில், பேச்சை விடக் காற்று அதிகமான வீட்டில் வளர்ந்தவர். யாராவது ஒன்று கேட்டால் அதை உள்ளே கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். புதிதாக வந்த சிப்பாய்கள் அவருக்குக் காது மந்தம் என்றே நினைப்பார்கள்.

கூடாரத்துக்குள் போய், மடித்து வைத்திருந்த, பாவசங்கீர்த்தனம் என்னும் பாவ அறிக்கையைக் கேட்கும்போது அணிகிற ஊதா நிறத் தோள்துணியை எடுத்து முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார். முதல் ஆள் உள்ளே வந்தான்.

அவருடைய குரலை ராணுவம் வாங்கிக்கொண்ட கதை இப்படி. போரின் முதல் குளிர்காலத்தில் டெல்வின் என்கிற பையன் கண்ணிவெடி நிலத்தின் நடுவில் விழுந்து கிடந்தான். தூக்கிவர வழியில்லை. ஃபாதர் இந்தப் பக்கம் நின்றார். கம்பியில்லாக் கருவியில் அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "வாங்க சாமி. கிட்டத்துல வாங்க சாமி." பிறகு கருவி செத்துப்போயிற்று. பையன் சாகவில்லை, கை அசைந்துகொண்டே இருந்தது. ஃபாதர் நின்ற இடத்திலிருந்தே ஜெபத்தைக் கத்தினார். காற்று அதை எங்கோ அடித்துக்கொண்டு போனது. கடைசியில் கையும் நின்றது.

அதற்குப் பிறகு தகவல் தொடர்புப் பிரிவின் கேப்டன் பூங்கோதை ஒரு சின்ன ஒலிவாங்கியோடு வந்து நின்றபோது, வாழ்க்கையில் ஒரே தடவையாக அவர் யோசிக்காமல் சரி என்றார். ஒவ்வொரு தலைக்கவசத்திலும் ஒரு குரல். சாகக் கிடப்பவனின் நாடியைக் கவசமே அறிந்துகொண்டு, அவனிடம் பேசும். எட்ட முடியாத இடத்துக்கு அவர் போவதாக ஆகும். வாரக்கணக்கில் அவர் பேசிப் பதிவு செய்தார். ஜெபங்கள், ஆறுதல்கள், அம்மாவை இழந்தவனுக்கு ஒன்று, நண்பனைக் களத்தில் விட்டுவந்தவனுக்கு ஒன்று. பொதுப் பாவமன்னிப்பும் அதில் இருந்தது. போர்முனையில் ஒருவர் ஒருவராகக் கேட்க நேரமில்லாதபோது மொத்தமாகக் கொடுப்பது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிழைத்து வந்தால், செய்ததைத் தனியாக வந்து சொல்ல வேண்டும். அந்த நிபந்தனையையும் ஒழுங்காகப் பதிவு செய்து கொடுத்திருந்தார்.

சாகிறவர்களுக்கு மட்டும். அதுதான் பேச்சு.

ஆனால் வெளியே நின்ற வரிசையில் யாரும் சாகவில்லை.

நான்காவதாக வந்தவன் ரூபன். முழுப்பெயர் இன்னாசி ரூபன், சிவகங்கைப் பக்கம். பாளையத்திலேயே நன்றாகக் கேலி பேசுகிறவன். அவன் முட்டி போட்டபோது தரையில் பரப்பியிருந்த தார்ப்பாய் சரசரத்தது.

"சாமி, அன்னைக்கு நீங்க மட்டும் பேசலன்னா நான் பைத்தியமாயிருப்பேன்."

ஃபாதர் அவன் பக்கம் காதைச் சாய்த்தார்.

"விடியக்கால பனி சாமி. கவசக் கண்ணாடில பாத்தா செவப்பா அஞ்சாறு உருவம் ஓடையத் தாண்டி வருது. மொகம் தெரியாது, சூடு மட்டுந்தான் தெரியும். அதுல ரெண்டு உருவம் குட்டையா இருந்துச்சு. குனிஞ்சு வாராய்ங்களா, இல்ல… வேற மாதிரியான்னு தெரியல. வெரலு நடுங்குது. அப்பத்தான் நீங்க வந்தீங்க."

"என்ன சொன்னேன்?"

கேட்ட பிறகுதான், ஒரு பாவசங்கீர்த்தனத்தில் எந்தக் குருவும் கேட்டிருக்க முடியாத கேள்வி அது என்று அவருக்கே உறைத்தது. ரூபன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

"பயப்படாத மக்கா. நான் உன் பக்கத்துலதான் இருக்கேன். நீ சுமக்கிறது உன் பாரம் இல்ல. உன் பாவங்களை மன்னிக்கிறேன். செய்ய வேண்டியதச் செய்."

மக்கா. ஃபாதரின் ஊர்ப்பேச்சு. இந்த மலையில் அவரைத் தவிர யாரும் அப்படி அழைப்பதில்லை.

"செஞ்சேன். வெளிச்சம் வந்தப்புறம் போய்ப் பாத்தோம் சாமி. ஒரு பொம்பள. ஒரு கெழவன். சின்னது ரெண்டு. கூட ஒரு கழுத. கழுதை மேல கயித்துக்கட்டிலு, டீ கொதிக்கவைக்கிற கெட்டிலு. வீட்டக் காலி பண்ணிட்டு வந்திருக்காய்ங்க." அவன் கண்ணைத் திறந்தான். கண்ணில் ஈரமில்லை. "நீங்கதான் முன்னாடியே மன்னிச்சிட்டீங்களே. பொழச்சவன் வந்து சொல்லணும்னீங்க, அதுக்காக வந்தேன். அம்புட்டுத்தான்."

மன்னிப்பு முதலில் வந்திருக்கிறது. பாவம் அதன் பின்னால், அது போட்டுக் கொடுத்த பாதையில் நடந்து வந்திருக்கிறது. ஃபாதர் மருத்துவமனைக் குழாய் இன்னும் மூக்கில் இருப்பதுபோல மூச்சை இழுத்தார். பேசியது நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் இவன் நின்றுகொண்டிருக்கும் ஒரே பலகையையும் உருவுவதாகும். கீழே எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்.

அவர் கையை எடுத்து அவன் தலையில் வைத்தார். முடி வெட்டிய தலை, பச்சைக் குழந்தையின் தலைபோலச் சூடாக இருந்தது. மன்னிப்பின் வார்த்தைகளைச் சொன்னார். அவன் காதில் அவை இரண்டாம் முறையாக விழுந்தன. ரூபன் எழுந்து போனான். அடுத்தவன் வந்தான். அவனுக்குப் பின்னால் அடுத்தவன்.

எல்லோரும் போன பிறகு ஃபாதர் தோள்துணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டது எதையும் அவர் வெளியே சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் வந்தது குருவோடு மண்ணுக்குள் போக வேண்டும். மேலதிகாரியிடமோ ஆயரிடமோ சொல்லக்கூடாது. ரூபனிடமே கூட, அவனாக எடுக்காதவரை, அவர் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அவருடைய குரல் கொலைக்களத்தில் வேலை பார்க்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது தெரியும் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியாது.

கேப்டன் பூங்கோதை பூமிக்குள் தோண்டிய ஓர் அறையில், திரைகளுக்கு நடுவே இருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"வாங்க ஃபாதர். மூச்சு எப்படி இருக்கு?"

"என் குரல் எங்கெங்கே பேசுதும்மா?"

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவர் அடுப்பின் நீலச் சுவாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையசைத்தால்கூட அது துரோகம்.

"சாகிறவங்களுக்கு மட்டும்னு பேச்சு" என்றார் கடைசியில்.

"நாங்களும் அப்படித்தான் ஃபாதர் வச்சோம். சத்தியமா. கவசம் நெத்திப்பொட்டுல நாடி பார்க்குது. ஆனா பயத்துக்கும் சாவுக்கும் நாடியில வித்தியாசம் ரொம்பக் கம்மி. பயந்தவங்களுக்கும் அதுவாப் பேச ஆரம்பிச்சிடுச்சு. பிழைன்னு நினைச்சு நிறுத்தப் போனோம். அப்புறம் பார்த்தா, அது பேசின பசங்க யாரும் உறைஞ்சு நிக்கல. யாரும் தன்னைத்தானே சுட்டுக்கல. போன குளிர்காலத்துல நீங்க எத்தனை பேரை அப்படிப் புதைச்சீங்க, உங்களுக்கே தெரியும். மேலே சொன்னோம். இருக்கட்டும்னுட்டாங்க."

"நான் சொல்லாததை எல்லாம் சொன்னா?"

"சொல்லெல்லாம் உங்களோடதுதான் ஃபாதர். அடுக்குறதுதான் அது." அவள் குரலில் கள்ளம் இல்லை. "நீங்க இல்லாதப்ப ஒரு சின்னத் திருத்தம்கூடப் பண்ணியிருக்கோம். கேக்கறீங்களா?"

"வேண்டாம். என் குரலை எடுத்துடு."

"காரணம் எழுதித் தரணும். நானே கொண்டு போறேன். ஆனா யோசிச்சுக்குங்க. எடுத்தா எல்லாத்துலயும்தான் எடுக்கணும். சாகக் கிடக்கிறவனுக்கும் இருக்காது." அவள் தயங்கினாள். "அந்த டெல்வின் மாதிரி."

அவள் கொடுத்த காகிதத்தில் காரணம் என்று அச்சடித்திருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஃபாதர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பேச முடியாதவன் நடக்கலாம் அல்லவா. மறுநாள் அவர் ஓடைக்கரைக் காவலரணுக்குப் போனார். மருத்துவர் பார்த்திருந்தால் கட்டிப்போட்டிருப்பார். ஏறும்போது நான்கு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தணிகைவேலும் ரூபனும் இருந்தார்கள்.

"இன்னா ஃபாதர், காதுல வந்தது பத்தாதுன்னு நேர்லயும் வந்துட்டீங்கோ?"

"சும்மாதான். உங்களோட இருக்கலாம்னு."

"இருங்கோ. இங்க ஒண்ணுமில்ல. குளிரு, நான், இந்த வாயாடிப் பையன். இவனும் இப்பல்லாம் வாயத் தொறக்கறதில்ல."

அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர்களோடு டப்பாச் சோறு தின்றார். மூட்டைகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஓடையைப் பார்த்தார். ரூபன் பக்கத்தில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பான், அவர் அவனைப் பார்ப்பார், அவன் அவரைப் பார்ப்பான். இருவருக்கும் நடுவில் அந்தக் கழுதை, கயிற்றுக்கட்டில், கெட்டில் எல்லாம் இருக்கும். அவர் வாய் திறக்க மாட்டார். மௌனம் அவருக்குப் பழக்கமானதுதான். ஆனால் இதுவரை அதில் அவர் இளைப்பாறியிருக்கிறார். இப்போது அது வாயில் வைத்த கல்லாக இருந்தது.

ஒரு காலையில், தணிகைவேல் ஓடைப் பக்கம் தண்ணீருக்குப் போயிருந்தபோது, ரூபன் தானாக ஆரம்பித்தான்.

"உங்களுக்கு எங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆனா கேக்க மாட்டீங்க. சட்டம். அப்படித்தான சாமி?"

ஃபாதர் அவன் பக்கம் திரும்பினார்.

"நானே சொல்றேன். அன்னைக்குப் பேசுனது நீங்க இல்ல."

பனி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"அது எனக்குத் தெரியும். அன்னைக்கே, அப்பவே தெரியும். நான் மனசுக்குள்ள சாமின்னு கூப்புடறேன், கூப்புட்டு முடிக்கல, டக்குனு பதில் வருது. நீங்க அப்படியா? டீ வேணுமா சாமின்னு கேட்டாலே, டீ ஆறுன பெறகுதான வேணும்பீங்க." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "நீங்க இல்லன்னு தெரிஞ்சுதான் சுட்டேன். யாராவது சொன்னாப் போதும்னு இருந்துச்சு சாமி. யாரு சொன்னாலும் சரின்னு இருந்துச்சு. கூடாரத்துல முட்டி போட்டு எல்லாஞ் சொன்னேன், இத மட்டும் சொல்லல."

ஃபாதர் தன் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளை இவன் தலையில் வைத்தபோது, ஏமாந்துபோன ஒருவனை ஆற்றுவதாக அவர் நினைத்திருந்தார். அவனுடைய தெளிந்த, ஈரமில்லாத கண்கள் அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அவர்தான் படிக்கவில்லை.

"இதை நீ பாவசங்கீர்த்தனமாச் சொல்றியா மக்கா, இல்ல சும்மா சொல்றியா?"

"சும்மாதான். நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

"உன்னை விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும். கழுதையக்கூட நான்தான் சுட்டேன்."

ஃபாதரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. மடித்த காகிதம் அங்கேதான் இருந்தது. வாயிலிருந்த கல் நகர்ந்ததுபோல இருந்தது. ஆனால் அதற்குள் தணிகைவேல் குனிந்தபடி ஓடி வந்து மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தார்.

"அக்கரைல அசையுது. மாட்டு, மாட்டு."

ரூபன் கவசத்தை எடுத்துத் தலையில் மாட்டினான். கண்ணாடி கண்ணை மூடியது. பஞ்சு வைத்த மடல்கள் காதை மூடின. துப்பாக்கி தோளுக்கு வந்தது. பனிக்குள் ஃபாதருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் ரூபனின் உதட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். விரல் நடுங்கிற்று. பிறகு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. குரல் பேச ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

ரூபன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அவர் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது.

"சாமி" என்றான். காது அடைத்தவர்கள் பேசுகிற உரத்த குரலில். "இப்ப நிறுத்தி நிறுத்திப் பேசுது சாமி. உங்கள மாதிரியே."

பிறகு அவன் செய்ததைத் தணிகைவேலால் நம்ப முடியவில்லை. துப்பாக்கியை மூட்டை மேல் வைத்துவிட்டுக் கவசத்தைக் கழற்றி ஃபாதரிடம் நீட்டினான். "உங்க கொரலுதான சாமி. நீங்களே கேளுங்க."

ஃபாதர் அதை வாங்கித் தலையில் வைத்தார். உள்ளே அவன் வியர்வையின் வெதுவெதுப்பு. உலகம் சட்டென்று அடங்கியது. காற்று இல்லை, ஓடைச் சத்தம் இல்லை. நெற்றிப்பொட்டில் ஏதோ மெல்லத் தொட்டது. பழுதாகிவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட மௌனம். அந்த மௌனத்தை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவருடையது. பதிவு செய்யும்போது அவர் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடைவெளிகள். அன்றைக்கு வெட்டி எறிந்ததை இப்போது எடுத்துவந்து ஒட்டியிருக்கிறார்கள். கேட்கவேண்டாம் என்று அவர் சொன்ன அந்தச் சின்னத் திருத்தம்.

"மக்கா" என்றது அவர் குரல். மறுபடி மௌனம். "உன்னால போக முடியல. அது உன் குத்தம் இல்ல."

நண்பனைக் களத்தில் விட்டுவந்த ஒருவனுக்காக எப்போதோ அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம். இரண்டு குளிர்காலமாக அவரிடம் யாரும் சொல்லாதது. அவர் நினைவுக்குள் இன்னும் அசைந்துகொண்டே இருந்த டெல்வினின் கை, முதல் தடவையாக, அசையாமல் நின்றது. ஃபாதரின் கண் தானாக மூடிக்கொண்டது. கன்னத்தில் சூடாக வழிந்தது. நான் உன் பக்கத்துலதான் இருக்கேன் என்றது குரல். இருந்தது. உண்மையாகவே இருந்தது. உன் பாவங்களை மன்னிக்கிறேன் என்றது. உடம்பு எடையற்றுப் போயிற்று. இன்னும் பேசு, நிறுத்தாதே என்று உள்ளே யாரோ கெஞ்சினார்கள்.

"செய்ய வேண்டியதச் செய்."

அவர் கை தானாக முன்னால் நீண்டு, மூட்டை மேலிருந்த துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பைத் தொட்டது. எதற்கு நீண்டது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குளிர்தான் அவரை எழுப்பிற்று. இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்துக் கழற்றினார்.

உலகத்தின் சத்தங்கள் திரும்ப வந்தன. ஓடை. காற்று. அவற்றின் நடுவில், லேசாக, ஒரு மணிச் சத்தம். ஆட்டின் கழுத்து மணி. ரூபன் மூட்டைகளுக்கு மேலே வெறுந்தலையோடு எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருடா, செத்துடுவடா" என்று தணிகைவேல் அவன் காலைப் பிடித்து இழுத்தார்.

"மணிச் சத்தம் கேக்குதுண்ணே. கவசத்தக் கழட்டிட்டுக் கேளுங்க. போங்க, போங்க, திரும்பிப் போங்க" என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினான். ஆட்டை ஓட்டி வந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனால் பனிக்குள் மணிச் சத்தம் நின்றது. பிறகு வேகமாக விலகி விலகிப் போய், கேட்காமலாயிற்று.

ரூபன் சரிந்து உட்கார்ந்தான். தணிகைவேல் தன் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதை ஒரு செத்த விலங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்ன சொல்லுச்சு சாமி, உங்களுக்கு?" என்றான் ரூபன்.

பனி கலைந்து, அக்கரையில் பாறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. ஃபாதர் சட்டைப்பையிலிருந்து, காரணம் எழுதித் தர வேண்டிய அந்தக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு உன் இடத்துல நான் இருந்திருந்தா," என்றார், "நானும் சுட்டிருப்பேன் மக்கா."